பாட்டு ஓடும்போதுதான் கவனம் வேண்டும்

சுயாதீன இசைக்கலைஞர்களுக்குக் கணக்கு, உரிமைப் பதிவு, ஒப்பந்தம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், தாங்களே எழுதி, பதிவு செய்து, வெளியிட்டு, கச்சேரியும் பிடிக்கிறவர்கள் இவர்கள். இவர்களைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இறக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கையில் காசில்லை, கேட்க ஆளில்லை, வீட்டில் மதிப்பில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் என்னிடம் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இறக்கத்தில் பிறந்தவை அல்ல. பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று மாதங்களில், சந்தோஷத்தில் எடுத்த முடிவுகளால் வந்தவை.

பணம் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்றது புரியும். பதிவு செய்த ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலி இன்னொன்று. தொழிலில் அதை மாஸ்டர் என்பார்கள். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் பாட்டு ஓடினால் மாஸ்டருக்கான பணம் பாட்டை அங்கே ஏற்றிக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனம் வழியாக உங்களுக்கு வரும். படைப்புக்கான பணம் அந்த வழியில் வருவதில்லை. அதை வசூலிக்க உரிமைச் சங்கங்கள் இருக்கின்றன. எழுதியவரும் மெட்டமைத்தவரும் அங்கே உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். சொந்தப் பாட்டை மேடையில் பாடினாலும் இந்தக் கணக்கில் பணம் வரலாம். அதற்கு அன்று பாடிய பாட்டுகளின் பட்டியலைச் சங்கத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

"டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஏற்றியாச்சு, எல்லாம் வந்துவிடும்" என்று இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். 2021-இல் அமெரிக்காவில் படைப்பு உரிமைப் பணத்தைப் பங்கிட மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் என்ற அமைப்பு செயல்படத் தொடங்கியது. யாருக்குச் சேர வேண்டும் என்று தெரியாமல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடம் அதுவரை தேங்கிக் கிடந்த ஏறக்குறைய 42 கோடி டாலர் அப்போது அதன் கைக்கு வந்தது. பெயர் தப்பாக எழுதியது, பாட்டைப் பதியாமல் விட்டது, பங்கைக் குறிப்பிடாதது போன்ற சின்னச் சின்ன விடுபடல்கள் சேர்ந்தால் தொகை இவ்வளவு பெரிதாகிறது.

அடுத்தது கால இடைவெளி. மழை பெய்த அன்றே கிணறு நிறையாது. ஒரு மாதம் ஓடிய பாட்டுக்கான கணக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து வர இரண்டு மூன்று மாதம் ஆகும். சங்கப் பணத்துக்கு ஆறு மாதம், ஒரு வருடம் ஆகலாம். வெளிநாட்டில் ஓடியது என்றால் அதற்கும் மேல். அதனால் பாட்டு உச்சத்தில் இருக்கிற மாதத்தில் கையில் காசு இருக்காது. காசு வருகிற மாதத்தில் பாட்டு இறங்கியிருக்கும். இது தெரியாதவர்கள் இரண்டு பக்கமும் தடுமாறுகிறார்கள். உச்ச மாதத்தில், "இதோ வரப்போகிறது" என்று கடன் வாங்கி வீடியோ எடுக்கிறார்கள். பணம் வந்து விழுகிற மாதத்தில், இனி மாதாமாதம் இப்படித்தான் வரும் என்று எண்ணி, பார்க்கிற வேலையை விடுகிறார்கள்.

வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைசி பன்னிரண்டு மாத வரவைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, வரிக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவதைப் பாருங்கள். அதுதான் உங்கள் மாதச் சம்பளம். அதில் வாழ முடியும் என்றால் தாராளமாக விடலாம். நல்ல மாதத்தின் வரவை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள்தான் ஒரு வருடத்துக்குள் பழைய முதலாளியையே தேடிப் போகிறார்கள்.

எண்ணிக்கையை வாசிப்பதிலும் இதே கோளாறு. ஸ்பாட்டிஃபையில் புதுப் பாட்டு வெளியானதும், உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு அது தானாகத் தொகுத்துத் தரும் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பிளேலிஸ்ட்டில் உங்கள் பாட்டு அதிகபட்சம் நான்கு வாரம் வரக்கூடும். ஐந்தாவது வாரம் கிராஃப் சறுக்கும். கேட்டவர்கள் வெறுத்துப் போய்விட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தக் கதவின் கெடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஐந்தாவது வாரத்தில், "என் கதை முடிந்தது" என்று என்னிடம் பேசிய கலைஞர்கள் கொஞ்சநஞ்சமல்ல. 2019-இல் ரெக்கார்ட் யூனியன் என்ற சுவீடன் நாட்டு டிஸ்ட்ரிபியூட்டர் ஏறக்குறைய 1,500 சுயாதீனக் கலைஞர்களிடம் கேட்டபோது, அவர்களில் 73 சதவீதம் பேர் தங்கள் இசைப் பணி தொடர்பாக மன அழுத்தமோ பதற்றமோ மனச்சோர்வோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். நான் மனநல மருத்துவர் அல்ல. தூக்கமும் பசியும் கெடுகிற அளவுக்குப் போனால் அவரிடம்தான் போக வேண்டும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். காலையில் எழுந்ததும் ஆப்பைத் திறந்து நேற்றைய எண்ணைப் பார்க்காதீர்கள். மாதம் ஒரு முறை போதும். தினசரி எண்ணை வைத்து எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இந்தத் தொழிலில் இல்லை.

கிராஃப் சறுக்குகிற அதே நேரத்தில் ஒரு மெசேஜ் வரும். இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் உறுதி, பெரிய பிளேலிஸ்ட்டில் சேர்க்கிறோம், இவ்வளவு கொடுத்தால் போதும் என்று. எண்ணிக்கைக்கு உறுதி தருகிறவர் விற்பது போலிக் கணக்குகளைத்தான். உயிருள்ள ஒரு மனிதர் உங்கள் பாட்டைக் கேட்பார் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஒரு பாட்டின் கேட்பு அப்பட்டமாகப் போலி என்று கண்டால், அந்தப் பாட்டுக்கு இவ்வளவு என்று டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும் முறையை ஸ்பாட்டிஃபை 2024-இல் கொண்டுவந்தது. பல டிஸ்ட்ரிபியூட்டர்கள் அதைக் கலைஞரின் தலையில் கட்டுகிறார்கள், பாட்டையும் நீக்கிவிடுகிறார்கள். "நான் வாங்கவில்லை, மார்க்கெட்டிங் பார்ப்பவரிடம் கொடுத்தேன்" என்ற பதில் எடுபடாது. சில சமயம் நீங்கள் ஒன்றுமே செய்யாமல், யாரோ நடத்தும் போலிப் பிளேலிஸ்ட்டில் உங்கள் பாட்டு போய் மாட்டிக்கொள்ளும். உங்களை யாருக்குமே தெரியாத ஓர் ஊரிலிருந்து ஒரே நாளில் எண்ணிக்கை எகிறி, சேமித்துக்கொண்டவர் ஒருவரும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். அன்றே டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பின்னால் அந்த மெயில்தான் காப்பாற்றும்.

அதே 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதியும் இருக்கிறது. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு மாஸ்டர் ராயல்டி கிடையாது. பத்துப் பாட்டு, ஒவ்வொன்றும் 800 தடவை ஓடியது என்றால் மொத்தம் 8,000 தடவை. அங்கிருந்து வரவு பூஜ்யம். அவசர அவசரமாகப் பத்து வெளியிடுவதைவிட ஒன்றை வெளியிட்டு அதன் பின்னால் நிற்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பங்கு விஷயம். மூன்று பேர் சேர்ந்து செய்த ஒரு பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டார்கள். விளம்பரத்தில் போட வேண்டுமானால் படைப்பு, மாஸ்டர் இரண்டுக்கும் உரிமை உள்ள எல்லாரும் சம்மதிக்க வேண்டும். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். மூன்றாமவர் அதற்குள் குழுவை விட்டுப் போயிருந்தார். "அந்தப் பல்லவி என்னுடையது, பாதி வேண்டும்" என்றார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எழுத்தில் எதுவும் இல்லை. விளம்பரம் வெளியாகும் தேதி முடிவாகியிருந்ததால் விளம்பரக்காரர்கள் காத்திருக்கவில்லை, வேறொரு பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாய்ப்பில் வந்திருக்கக்கூடிய தொகை, அவர்கள் மூவரும் அதுவரை ஸ்ட்ரீமிங்கில் பார்த்த மொத்தத்தையும் தாண்டும். ஒலிப்பதிவு முடிந்த அன்றே கேட்டிருந்தால் மூவரும் சிரித்தபடி சமமாகப் பிரித்திருப்பார்கள். காசில்லாத நாளில் பங்கு பிரிப்பது மிகச் சுலபம்; யாரும் சண்டை போட மாட்டார்கள்.

இதற்கென்று ஸ்ப்ளிட் ஷீட் என்ற ஒரு பக்கத் தாள் இருக்கிறது. பாட்டின் பெயர், யார் யார் என்ன செய்தார்கள், படைப்பில் யாருக்கு எத்தனை சதவீதம், மாஸ்டரில் எத்தனை, எல்லாருடைய கையெழுத்து, தேதி. வேறெதுவும் வேண்டாம். நண்பர்களுக்குள் இது எதற்கு என்று கேட்பார்கள். முன்பின் தெரியாதவர்களோடு பாட்டு செய்கிறவர் யார்? நண்பர்களுக்குள்தான் இது வேண்டும்.

இணையத்தில் விலைக்கு வாங்கும் பீட்டுகளிலும், அதாவது பாடுவதற்காக முன்பே செய்து வைத்த பின்னணி இசையிலும், இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. அதே பீட்டை இன்னும் பல பேர் வாங்கியிருப்பார்கள். இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் செல்லும் என்று உரிமத்தில் வரம்பும் இருக்கும். பாட்டு ஓடாதவரை அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஓடினால்தான் வரம்பு தாண்டும், யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரும். 2019-இல் அமெரிக்க ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் பாடிய 'ஓல்ட் டவுன் ரோடு' 19 வாரம் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதன் பீட் இணையத்தில் 30 டாலருக்கு வாங்கியது. அந்தப் பீட்டுக்குள் நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் இசைத் துண்டு ஒன்று இருந்தது. பிறகு அக்குழுவின் டிரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் இருவருக்கும் படைப்பாளர்களாகப் பெயர் சேர்ந்தது. அங்கே பெரிய நிறுவனம் ஒன்று கலைஞரை ஒப்பந்தம் செய்து பின்னால் நின்றது. உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? பீட் வாங்கிய ரசீதையும் உரிமத்தையும் எடுத்து, வெளியிடுவதற்கு முன்பே ஒரு முறை படியுங்கள். பாட்டு ஏறத் தொடங்கினால் அந்த வாரமே பீட் செய்தவரிடம் பேசி உயர்ந்த உரிமத்துக்கு மாறுங்கள். காத்திருந்தால் அவர் கேட்கும் விலையும் ஏறும்.

பாட்டு ஏறுகிறது என்று தெரிந்ததும் இசை நிறுவனங்கள் அட்வான்ஸ் பேச வரும். இதில் எனக்கு வறட்டுப் பிடிவாதம் இல்லை. ஒரு குறிப்பிட்ட செலவுக்காக வாங்கி, அதை நன்றாகப் பயன்படுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது இனி வரும் உங்கள் வரவிலிருந்து கழிக்க வேண்டிய பணம். உங்கள் பங்கு 20 சதவீதம், அட்வான்ஸ் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கிலிருந்து மட்டும் கழிக்கும் ஒப்பந்தம் என்றால், பாட்டு 500 ஈட்டிய பிறகுதான் அடுத்த காசு உங்கள் கைக்கு வரும். வீடியோச் செலவு, விளம்பரச் செலவு எல்லாவற்றையும் அதே கணக்கில் சேர்த்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். எத்தனை வருடம், எந்தெந்தப் பாட்டுகள், அட்வான்ஸ் கழியாவிட்டால் என்ன ஆகும், கெடு முடிந்ததும் மாஸ்டர் யாருக்கு, கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை உங்களுக்கு உண்டா. இவற்றுக்கு ஒப்பந்தத்திலேயே பதில் இருக்க வேண்டும். "நாளைக்குள் கையெழுத்துப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால், நாளை போட வேண்டாம்.

இறங்கிய மாதங்களுக்கென்றும் வேலை இருக்கிறது. பாட்டெழுதுவதைச் சொல்லவில்லை, அது தானாக நடக்கும். உட்கார்ந்து, இதுவரை வெளியான ஒவ்வொரு பாட்டும் சங்கத்தில் பதிவாகியிருக்கிறதா, பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் சேர்ந்த 12 இடக் குறியீடு இருக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எடுத்து வையுங்கள். வருடச் சந்தா வாங்கும் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் சந்தா தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். காசு முடையான மாதத்தில் சந்தா தவறி, ஓடிக்கொண்டிருந்த பாட்டுகள் எல்லாம் காணாமல் போவது அடிக்கடி நடக்கிறது. சந்தா கட்ட முடியாமல் வேறு இடத்துக்கு மாறுகிறீர்கள் என்றால், அதே ஐஎஸ்ஆர்சி, அதே பெயர், அதே ஒலிக் கோப்போடு புது இடத்தில் ஏற்றுங்கள். பாட்டு புது இடத்தின் வழியாக வெளியாகிவிட்டதைக் கண்ணால் பார்த்து, பழைய எண்ணிக்கை ஒட்டிக்கொண்டதா என்றும் பார்த்துக்கொண்டு, அப்புறம் பழைய இடத்தில் நீக்கச் சொல்லுங்கள்.