முயல் பிடித்த வல்லூறை அணில் பக்கம் திருப்பும் முன்

"இதுவரை முயல்தான் பிடித்துக்கொண்டிருந்தது டாக்டர், இந்தப் பருவம் அணிலுக்கு விட்டுப் பார்த்தேன்." பறவை மருத்துவரான நான், வல்லூறு வளர்த்து வேட்டைக்குப் பழக்குபவர்களிடம் இந்த மாதிரிப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அணிலுக்குப் பதில் காக்கை, வாத்து, காட்டுமுயல் என்று பெயர் மட்டும் மாறும். பறவை வந்து சேரும்போது விரல் வீங்கியிருக்கும், அல்லது வாய்க்குள் மஞ்சள் படிந்திருக்கும், அல்லது நெஞ்செலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டிருக்கும். மூன்றில் எனக்கு அதிகக் கவலை தருவது கடைசிதான்.

துரத்துவதை வல்லூறுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அது பிறவியிலேயே வருவது. எதைத் துரத்துவது என்பதைத்தான் அது பழகிக்கொள்கிறது. முதல் சில வெற்றிகள் எந்த இரையில் கிடைத்தனவோ, கண் அதையே தேடும். முயலில் ஊறிப்போன பறவை, பக்கத்தில் கௌதாரி எழும்பினாலும் கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அது சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. அந்த உருவம் அதன் கணக்கில் இன்னும் இரையாகவில்லை, அவ்வளவுதான்.

வளர்ப்பவர் பொறுமையிழப்பது இந்த இடத்தில்தான். "பசி போதவில்லை போல" என்று தீனியைக் குறைக்கிறார். வேட்டைக்கு வளர்க்கப்படும் ஹாரிஸ் ஹாக் என்ற வல்லூறு வகையில் ஆண் ஒன்றின் எடையே சுமார் 600, 700 கிராம்தான். அதில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், முதலில் கொழுப்பு போகும், அப்புறம் பறக்கும் தசையே கரையும். 150 கிராம்கூடத் தேறாத ஆண் சிட்டு வல்லூறு என்றால் சில கிராம் தப்பினாலே உயிருக்கு ஆபத்து. எடையைச் சரியாக வைத்தால் பறவைக்குப் பறக்க மனம் வரும், ஆனால் புது இரையை அது கற்றுத்தராது. அளவுக்கு மீறி இளைத்த பறவைக்கு நிதானமும் போய்விடும். தன்னால் தாங்க முடியாத பெரிய விலங்கின் மேல் பாயும், பக்கத்து வீட்டுக் கோழியையும் பூனையையும் விடாது. ஏற்கெனவே நலிந்த உடம்பில் நுரையீரல் பூஞ்சை நோயும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தராசை மட்டும் நம்பாமல் தினமும் நெஞ்செலும்பின் இருபுறமும் விரலால் தடவிப் பாருங்கள் என்று வருபவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

சரி, எப்படித்தான் பழக்குவது? புது இரையின் வடிவத்தைத் தீனியோடு சேர்த்துக் காட்டுவதுதான் வழி. அந்த விலங்கின் தோலையோ இறக்கையையோ போர்த்திய போலி இரையில் இறைச்சியைக் கட்டி, நீளக் கயிற்றால் தரையில் இழுக்க வேண்டும். பறவை பிடித்ததும் அதன் மேலேயே உட்கார்ந்து நிம்மதியாகத் தின்ன விட வேண்டும். பாய்ச்சல் தயங்காமல் வந்த பிறகே நிஜ வேட்டை. அதுவும் திறந்த வெளியில், பறவை உயரமான இடத்தில் இருக்கும்போது, இரை கிட்டத்தில் இருக்கும்போது மட்டும். முதல் இரை கிடைத்த நாளில் வயிறாரத் தின்ன விட்டு வீடு திரும்புங்கள், இன்னொன்று வேண்டாம். உயிருள்ள விலங்கைப் பெட்டியிலிருந்து அவிழ்த்துவிட்டுப் பழக்குவது பல நாடுகளில் குற்றம். பயிற்சி என்ற அளவிலும் அது மட்டமான வழி: இரை மனிதன் கையிலிருந்து வரும் என்றுதான் பறவை கற்றுக்கொள்கிறது.

அணிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய மர அணிலின் முன்பற்கள் உளிபோன்றவை. தலையைப் பிடிக்கத் தெரியாத வல்லூறு உடம்பைப் பிடிக்கும், அணில் உடனே திரும்பி விரலைக் கடிக்கும். வெளியே தெரிவது சின்னத் துளைதான், ஆனால் உள்ளே தசைநாணோ மூட்டோ சேதமாகியிருக்கும். "சின்னக் கடிதானே" என்று சில நாள் விட்டுவிட்டு வந்தால் மூட்டு முழுக்கச் சீழ் கட்டியிருக்கும், சில சமயம் விரலை எடுக்க வேண்டியதாகிவிடும். கடித்த அன்றே உப்புக்கரைசலால் கழுவி, இறுக்கிக் கட்டுப் போடாமல் கொண்டுவந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். காலுக்கும் விரலுக்கும் தோல் உறை போடுவது உதவும், முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். விரல் தடித்த செவ்வால் பருந்து அணிலை ஓரளவு சமாளிக்கும். ஹாரிஸ் ஹாக்கின் விரல் மெலிது, அதை அணிலுக்கு விடுவது எனக்கு உடன்பாடில்லை.

காட்டுமுயலில் பல் பிரச்சினை இல்லை, எடைதான் பிரச்சினை. மூன்று, நான்கு கிலோ விலங்கு உதைத்து உருளும்போது சின்ன ஆண் பறவையின் தொடையும் தோளும் தாங்காது. ஹாரிஸ் ஹாக்குகள் காட்டில் குடும்பமாகச் சேர்ந்து வேட்டையாடுபவை, அதனால் நன்கு பழகிய இரண்டைச் சேர்த்து விடுபவர்கள் உண்டு. காக்கை என்றால் ஒன்றைப் பிடித்ததும் கூட்டமே வந்து மொய்க்கும், நீங்கள் ஓடிப்போய்ச் சேரும் தூரத்தில் மட்டுமே விட வேண்டும்.

இனி, இரை வழியாக வரும் நோய்கள். புறாவின் தொண்டையில் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். அந்தப் புறாவைப் பிடித்த சூட்டோடு தின்ற வல்லூறின் வாய்க்குள் பாலாடைக்கட்டி போல மஞ்சள் படியும், இறைச்சியைக் கவ்விக் கவ்வி உதறும், வாய் நாறும். புறாவின் தலையையும் தீனிப்பையையும் நீக்கி, உறையவைத்து எடுத்துக் கொடுத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். வாத்து வேட்டைக்காரர்கள் இப்போது கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: எச்5என்1 பறவைக் காய்ச்சல் நீர்ப்பறவைகளில் பரவியிருக்கும் பகுதியில், அவற்றைத் தின்ற வல்லூறு சில நாட்களிலேயே இறந்துபோகலாம். எலி பிடிக்கும் பறவைக்கு, எலி தின்ற விஷமும் போய்ச் சேரும். துப்பாக்கியால் சுட்ட விலங்கை ஒருபோதும் தீனியாகக் கொடுக்காதீர்கள். பறவை உடம்பில் ஈய நஞ்சு ஏற ஒரே ஒரு ஈயக் குண்டின் துணுக்கு போதும். எச்சம் கரும்பச்சையாகி, கால்கள் வலுவிழந்து, விரல்கள் மடங்கிக்கொண்டால் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். முறிமருந்து உண்டு, ஆனால் அது நேரத்தோடு போட்டி.

பழைய விரல் காயம் உள்ளதையும், இறகு உதிர்த்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் பறவையையும் புது இரைக்குத் திருப்ப வேண்டாம் என்றே சொல்வேன். முதல் பருவத்திலேயே நாலு வகை இரையைக் காட்டிப் பறவையைக் குழப்புவதும் அப்படித்தான்.

மருத்துவரிடம் வரும்போது எடைக் குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள். கடைசியாக என்ன தின்றது, அது எங்கே பிடித்தது, எத்தனை நாளாக எடை இறங்குகிறது: எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னாலேயே நான் கேட்பவை இவை. பலர் பறவையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள்.