ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் தர்றோம்னு காலேஜ் சொன்னா அது எத்தனை நாளைக்கு செல்லும்?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல கோச் வாயால சொல்ற ஸ்காலர்ஷிப் ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது (நம்ம கால்பந்து இல்ல, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டி மோதி ஆடறாங்களே, அது). ஒன்பதாவது படிக்கற பையன்கிட்டயே உனக்கு இடம் இருக்குன்னு சொல்லலாம், அவனும் வர்றேன்னு சொல்லி போட்டோ போடலாம், ரெண்டு பக்கமும் எப்ப வேணா மாறிக்கலாம். எழுத்துல ஆஃபர் வர்றதே பன்னெண்டாவது படிக்கற வருஷம் ஆகஸ்ட் 1-க்கு அப்புறம்தான். கையெழுத்து டிசம்பர்லயோ பிப்ரவரிலயோ. அதுவரைக்கும் எல்லாம் பேச்சுதான்.

சரி, கையெழுத்து போட்டாச்சு, என்ன கிடைக்கும்? ஃபுல் ஸ்காலர்ஷிப்னா டியூஷன், மத்த ஃபீஸ், ரூம், சாப்பாடு, புக்ஸ். 2015-ல பெரிய கான்ஃபரன்ஸ் (காலேஜ்கள் தங்களுக்குள்ள ஆட சேந்து வெச்சிருக்கற லீக்) காலேஜ்கள் கூடி, ஊருக்கு போய்ட்டு வர்ற செலவு, கைச்செலவு இதுக்கும் சேத்து குடுக்கலாம்னு 79-க்கு 1 ஓட்டுல முடிவு பண்ணாங்க. டியூஷனுக்கும் புக்ஸுக்கும் போற பணத்துக்கு வரி இல்ல, ஆனா ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் வர்ற பங்கு வருமானக் கணக்குல வரும், இது நிறைய வீட்ல தெரியறதில்ல. காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏ அமைப்போட மேல் பிரிவான டிவிஷன் ஒன்ல ஆட ஹைஸ்கூல்ல 16 கோர் கோர்ஸ் (முக்கிய பாடம்) முடிச்சு அதுல 2.3 ஜிபிஏ (நாலுக்கு கணக்கு போடற சராசரி மார்க்) வெச்சிருக்கணும், எஸ்ஏடி, ஏசிடின்னு காலேஜ் சேர எழுதற பரீட்சை மார்க் கேக்கறதை என்சிஏஏ 2023-லயே எடுத்துட்டாங்க, காலேஜ் தனியா கேட்டா அது வேற. ஹார்வர்ட், யேல் மாதிரி காலேஜ்கள் இருக்கற ஐவி லீக்லயும், கீழ் பிரிவான டிவிஷன் த்ரீலயும் விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு காலத்துல இந்த ஸ்காலர்ஷிப் நாலு வருஷத்துக்கு குடுக்கற வழக்கம் இருந்துச்சு. 1973-ல என்சிஏஏ அதை ஒரு வருஷமா சுருக்கிட்டாங்க, வருஷா வருஷம் புதுப்பிக்கணும், புதுப்பிக்கறதும் விடறதும் காலேஜ் இஷ்டம். அதாவது அப்ப 18 வயசு பையன் கிடைச்ச மத்த ஆஃபரையெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு ஒரு இடத்துல கையெழுத்து போடறான், போட்ட பிறகு அவனால சுலபமா வேற காலேஜுக்கு மாற முடியாது, மாறினா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும். ஆனா காலேஜ் அடுத்த வருஷமே நீ வேண்டாம்னு சொல்லலாம். அவனை மட்டும் கட்டிப் போட்ட ஒப்பந்தம் அது, இப்படியே நாப்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. எந்த காலேஜ் கையெழுத்து வாங்கறதால அந்த பையனோட மத்த கதவெல்லாம் சாத்தப்படுதோ அந்த காலேஜ்தான் அதோட ரிஸ்க்கையும் சுமக்கணும்னு நான் நினைக்கறேன், கீழ வர்ற எல்லாத்தையும் இந்த ஒரு கண்ணோட பாத்தா போதும்.

எண்ணிக்கை கணக்கு எப்படின்னா, பெரிய டிவிஷன்ல ஒரு டீம்ல மொத்தம் 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப், வருஷத்துக்கு புதுசா 25 பேரு, இதுதான் ரொம்ப நாளா இருந்த விதி (இப்ப மாறிடுச்சு, கீழ சொல்றேன்). பெருக்கி பாருங்க, நாலு வருஷத்துக்கு 100, ரெட்ஷர்ட்ல ஒரு வருஷம் ஆடாம இருந்து அஞ்சு வருஷம் படிக்கறவனையும் சேத்தா 125 வரைக்கும் போகும். இடமோ 85. மார்க் இல்லாம போறவன், ஊர் ஏக்கத்துல போறவன், அடிபட்டு போறவன்னு தானா கொஞ்சம் பேர் கழிவாங்க, நிஜம்தான். ஆனா அது பத்தாதப்ப? ஓவர்சைனிங் அங்கதான் வருது. தீபாவளிக்கு சீட்டுக்கு மேல டிக்கெட் வித்துட்டு வண்டி கிளம்பறப்ப பாத்துக்கலாம்னு இருக்கற ஆம்னி பஸ் மாதிரி, பிப்ரவரில இடத்துக்கு மேல கையெழுத்து வாங்கிட்டு ஆகஸ்டுக்குள்ள யாரையாவது கழிச்சுக்கலாம்னு விட்டுடுவாங்க. பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவுல கழியறது யாருன்னுதான் கேள்வி.

2009-ல ஒலே மிஸ், அதாவது மிசிசிப்பி யுனிவர்சிட்டி, கோச் ஹூஸ்டன் நட் காலத்துல ஒரே வருஷத்துல 37 பேர்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க இருக்கற எஸ்இசி கான்ஃபரன்ஸ் (தெற்குப் பக்கத்து காலேஜ்களோட லீக்) வருஷத்துக்கு 28-க்கு மேல கூடாதுன்னு விதி போட்டாங்க, ஜனங்க அதுக்கு அந்த கோச் பேரையே வெச்சுட்டாங்க, 2011-ல 25-ஆ குறைச்சாங்க. பிக் டென்ங்கற இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸ்ல 1956-லயே ஓவர்சைனிங்குக்கு தடை, 2002-ல கொஞ்சம் தளர்த்தி 85-க்கு மேல 3 பேர் வரைக்கும் விட்டாங்க, அவ்வளவுதான். ஒரே நாடு, ஒரே விளையாட்டு, ஒரு பக்கம் கூடுதலா 3 பேர்தான், இன்னொரு பக்கம் அதை விட எவ்வளவோ மேல. அப்ப இடத்துக்கு மேல சைன் பண்ணாம இருக்கவே முடியாதுன்னு யாராவது சொன்னா அது உண்மையில்லதானே.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லணும், அதுலயும் நியாயம் கொஞ்சம் இருக்கு. தெற்கு மாநிலங்கள்ல ஏழைப் பள்ளிக்கூடத்துல படிச்ச நிறைய பசங்க மார்க் பத்தாம நிப்பாங்க, அவங்களை சைன் பண்ணி ஜூனியர் காலேஜுக்கு (ரெண்டு வருஷம் மட்டும் படிக்கற சின்ன காலேஜ்) அனுப்பி ரெண்டு வருஷம் கழிச்சு கூப்பிட்டுக்கறோம், இந்த கையெழுத்து இல்லன்னா அவங்களை யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்கன்னு கோச்சுங்க சொல்வாங்க. அது முன்னாடியே பையன்கிட்ட வெளிப்படையா சொல்லி செஞ்சா நானும் ஒத்துக்கறேன். தகுதி எல்லாம் இருக்கற பையனை கடைசி நேரத்துல தள்ளறதுக்கு இந்த வாதம் எப்படி பொருந்தும்?

தள்ளறதுக்கு ரெண்டு மூணு வழி உண்டு. முதல்ல கிரேஷர்ட். நீ இப்ப சேராத, ஜனவரில சேரு, அப்ப அடுத்த வருஷக் கணக்குல உன்னை எழுதிக்கறோம்பாங்க. கேக்க சின்ன விஷயமாத்தான் தெரியும். ஆனா அந்த அஞ்சு மாசம் ஸ்காலர்ஷிப் இல்ல, டீமோட பிராக்டிஸ் இல்ல, ஃபுல்டைம் கிளாஸ்ல சேந்தா ஆடறதுக்கான அஞ்சு வருஷக் கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும், அதனால பார்ட்டைமா சொந்தக் காசுல ரெண்டு கோர்ஸ் படிக்கணும் இல்ல வீட்ல இருக்கணும். 2010 ஆகஸ்டுல எல்எஸ்யூல (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி, இதுவும் எஸ்இசிதான்) ஒரு லைன்மேன், அதாவது முன்வரிசைல நின்னு மோதற பிளேயர், ஏற்கனவே காலேஜுக்கு வந்து ரூம்ல குடியேறி டீமோட பிராக்டிஸ் பண்ணிட்டிருந்தவன், அவனை கூப்பிட்டு இடமில்ல கிரேஷர்ட் எடுத்துக்கோன்னு சொன்னாங்க. ஆகஸ்டுல சொன்னா அவன் எங்க போவான், மத்த டீம்ல எல்லாம் இடம் முடிஞ்சிருக்கும். அவன் அங்கேர்ந்து வெளியேறினான். அடுத்த வருஷம் பிப்ரவரில ஃப்ளோரிடா யுனிவர்சிட்டி பிரசிடென்ட் பெர்னி மேச்சன், அவர் காலேஜும் அதே எஸ்இசிலதான் இருக்கு, இந்த மாதிரி கிரேஷர்ட் பண்றது ஒழுக்கக்கேடுன்னு பகிரங்கமா எழுதினார். அதே கான்ஃபரன்ஸ்ல இருந்துக்கிட்டு அப்படி எழுதினதை நான் பெருசா மதிக்கறேன்.

ரெண்டாவது மெடிக்கல் ஸ்காலர்ஷிப். இனிமே ஆடவே முடியாதுன்னு அடிபட்ட பையனுக்கு படிப்பு செலவு தொடரும், அவன் 85 கணக்குல வரமாட்டான். மனிதாபிமானமான விதி, இது இருக்கணும். ஆனா கணக்குல வரமாட்டான்கறதுதான் வம்பு, இடம் காலி பண்ண இதையே பயன்படுத்தலாம் இல்லையா. 2010-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அலபாமா டீமைப் பத்தி எழுதினப்ப, இதை எடுத்துக்கச் சொல்லி எங்களுக்கு நெருக்கடி இருந்துச்சுன்னு முன்னாள் பிளேயர்கள் சிலர் சொன்னாங்க, இது டாக்டர்கள் எடுத்த முடிவுன்னு டீம் தரப்புல மறுத்தாங்க. எந்த டீமா இருந்தாலும் டீம் டாக்டர் ஒருத்தர் சொல்றது பத்தாது, வெளி டாக்டர்கிட்ட ஒரு முறை காட்டாம அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, போட்டா அதே காலேஜுக்காக திரும்ப ஆடற வாய்ப்பு பெரும்பாலும் முடிஞ்சது.

மாற்றம் மெதுவாத்தான் வந்துச்சு. 2011 அக்டோபர்ல, விருப்பப்பட்ட காலேஜ் பல வருஷ ஸ்காலர்ஷிப் குடுக்கலாம்னு என்சிஏஏ அனுமதிச்சாங்க. கவனிங்க, குடுக்கணும்னு இல்ல, குடுக்கலாம். அதையே ரத்து பண்ணணும்னு காலேஜ்கள் ஓட்டு கேட்டு, 2012-ல ரத்து பண்ண 62.5 சதவீதம் வேணும்னு இருந்தப்ப 62.12 சதவீதம் வந்துச்சு. மயிரிழைல தப்பிச்ச விதி அது, பாதிக்கும் மேல காலேஜ்கள் அதை எதிர்த்தாங்கங்கறது எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா இருக்கு. 2015-ல பெரிய கான்ஃபரன்ஸ்கள், ஆட்டம் சரியில்லன்னு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக்கூடாதுன்னு முடிவெடுத்தாங்க, 2024 ஆகஸ்ட் 1-லேர்ந்து இந்த பாதுகாப்பு டிவிஷன் ஒன் முழுக்க வந்துடுச்சு. கூடவே விளையாட்டுல பட்ட அடிக்கு காலேஜ் விட்டு ரெண்டு வருஷம் வரைக்கும் மருத்துவச் செலவும் உண்டு.

அப்ப பிரச்சனை முடிஞ்சுதான்னா இல்ல, கதவு மாறிடுச்சு. 2018-ல ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற நினைக்கற பசங்க பேர் பதியற ஆன்லைன் பட்டியல்) வந்துச்சு, பசங்க சுலபமா காலேஜ் மாறலாம், நல்ல விஷயம், அவங்களை கட்டிப் போட்ட கயிறு அவிழ்ந்துச்சு. ஆனா இதுல பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு: பையன் தானா போர்ட்டல்ல பேர் குடுத்துட்டா அந்த செமஸ்டர் முடிஞ்சதும் காலேஜ் அவனோட ஸ்காலர்ஷிப்பை ரத்து பண்ணலாம். அதனால இப்ப யாரும் உன்னை நீக்கறேன்னு சொல்றதில்ல, உனக்கு இங்க ஆட வாய்ப்பு கம்மி, போர்ட்டல்ல போட்டு பாருன்னு அன்பா சொல்வாங்க. 2022 டிசம்பர்ல கொலராடோ யுனிவர்சிட்டிக்கு புதுசா வந்த கோச் டியான் சாண்டர்ஸ் முதல் மீட்டிங்லயே பசங்களை போர்ட்டலுக்கு போங்கன்னு நேரடியா சொன்னார், அந்த வீடியோ வெளிய வந்துச்சு, அடுத்த சில மாசத்துல டஜன் கணக்குல பசங்க போனாங்க. பையன் போர்ட்டல்ல பேர் குடுக்காம, படிக்கறேன், ஸ்காலர்ஷிப் வேணும்னு உக்காந்தா காலேஜால விளையாட்டு காரணம் காட்டி அதை எடுக்க முடியாது. இது நிறைய பசங்களுக்குத் தெரியாது, சொல்ல வேண்டிய ஆள் சொல்றதும் இல்ல.

இன்னொரு பெரிய மாற்றம் 2025 ஜூன் 6-ல நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் குடுத்த ஹவுஸ் வழக்கு (விளையாட்டு மாணவர்கள் என்சிஏஏ மேல போட்டது) சமரசம். இதுல சேந்த காலேஜ்கள் முதல் வருஷம் 20.5 மில்லியன் டாலர் வரைக்கும் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியா பங்கு குடுக்கலாம், 85-ங்கற ஸ்காலர்ஷிப் வரம்பு போச்சு, அதுக்கு பதிலா டீம்லயே 105 பேருக்கு மேல கூடாது. ஸ்காலர்ஷிப் இல்லாம சொந்தக் காசுல வந்து ஆடற வாக்-ஆன் பசங்கதான் இதுல அடிபட்டாங்க, அவங்களுக்காகத்தான் நீதிபதி ஒப்புதலை கொஞ்சம் நிறுத்தி வெச்சார், கடைசில அவங்களை திரும்ப எடுத்தா எண்ணிக்கைல சேராதுன்னு விலக்கு வந்துச்சு, ஆனா எடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அப்புறம் முன்னாடி இந்த பெரிய டிவிஷன் ஃபுட்பால்ல ஸ்காலர்ஷிப்னா முழுசுதான், இப்ப பாதி, கால் பங்குன்னும் பிரிச்சு குடுக்கலாம். இந்த காலேஜ்லதான் சேருவேன்னு பசங்க கையெழுத்து போட 1964-லேர்ந்து இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டையும் 2024 அக்டோபர்ல எடுத்துட்டாங்க, இப்ப கையெழுத்து போடறது காலேஜோட நிதி உதவி ஒப்பந்தத்துலதான், எல்லா வாக்குறுதியும் அந்த பேப்பர்ல இருக்கணும்.

அதனால பேப்பர் கைக்கு வந்ததும், முழு ஸ்காலர்ஷிப்பா பங்கா, ஒரு வருஷமா நாலு வருஷமா, எந்த செமஸ்டர்லேர்ந்து ஆரம்பம், இதெல்லாம் வரி வரியா பாருங்க. ஆகஸ்டுல சேர வேண்டிய பையனுக்கு அதுக்கடுத்த ஜனவரின்னு எழுதியிருந்தா அது கிரேஷர்ட். இந்த வருஷம் எத்தனை பேரை எடுக்கறீங்க, எத்தனை இடம் காலி ஆகுதுன்னு கோச்கிட்டயே கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல, சங்கடப்பட்டு மழுப்பினா அதுவே பதில். கோச் மாறினா என்ன ஆகும்னும் கேளுங்க, ஏன்னா கோச்சுங்க அடிக்கடி மாறுவாங்க, ஒப்பந்தம் காலேஜோடதான்.

ஸ்காலர்ஷிப்பை குறைச்சாலோ புதுப்பிக்கலன்னாலோ காலேஜ் ஜூலை 1-க்குள்ள எழுத்துல சொல்லணும், மேல்முறையீடு பண்ற உரிமை உண்டுன்னும் அதுலயே சொல்லணும். அந்த விசாரணையை காலேஜோட நிதி உதவி அலுவலகம் சார்பா நடத்துவாங்க, விளையாட்டுத் துறைகிட்ட அதை ஒப்படைக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு. லெட்டர் வந்தா கோச்சுக்கு போன் போடாதீங்க, அந்த அலுவலகத்துக்கு எழுத்துல மனு குடுங்க, கடைசி தேதி காலேஜுக்கு காலேஜ் மாறும், அதை லெட்டர்லயே பாத்துக்கோங்க.