ஹோம்ல சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

"எங்கியாவது ஒரு ஹோம்ல சேத்து வுட்ருங்க மேடம், மூணு வேளை சோறாவது கிடைக்கும்." தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குழந்தைகளுக்காக வேலை செய்யும் எங்களைத் தேடி வரும் தாய்மார்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பிள்ளைமேல் பாசம் இல்லாமல் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கணவர் இறந்திருப்பார், அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பார். ஊரில் கூலி வேலை நிரந்தரமில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால்தான் வாங்கிய கடனை அடைக்க முடியும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் படிப்பு நின்றுவிடும். பாட்டியிடம் விடலாம் என்றால் பாட்டிக்கே கண் சரியாகத் தெரியாது.

வறுமை மட்டுமே காரணமாக இருந்தால் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது, உதவிதான் வீடு தேடிப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் காப்பகத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. பெற்ற பிள்ளையை வளர்க்க முடியாது என்று குழந்தைகள் நலக் குழு முன் எழுதிக் கொடுத்த தாய்க்குக்கூட, மனம் மாறித் திரும்ப வர இரண்டு மாத அவகாசம் உண்டு. வீட்டிலேயே அடி, பாலியல் தொந்தரவு, பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை என்னும் நிலை வேறு. அங்கே தயங்கவே கூடாது, உடனே குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்க வேண்டும்.

வீட்டில் வைத்தே வளர்க்க அரசுப் பணம் இருக்கிறது. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் நிதி ஆதரவு பெறும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் இதில் வருவார்கள். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு, 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' மாதம் 2,000 ரூபாய் தருகிறது. விண்ணப்பத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும்.

பணம் இருந்தும் ஏன் போய்ச் சேருவதில்லை? பெரும்பாலும் ஒரு காகிதத்தால். பென்னாகரம் பக்கத்துக் குடும்பம் ஒன்றைச் சொல்கிறேன் (பிள்ளைகளின் அடையாளம் வெளிவரக் கூடாது என்பதால் விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கணவர் பெங்களூரில் வேலை செய்த இடத்துத் தகரக் கொட்டகையிலேயே இறந்துவிட்டார். மேஸ்திரி வண்டி பிடித்துக் கொடுக்க, விடிவதற்குள் உடல் ஊர் வந்து அன்றே அடக்கமும் ஆனது. இறப்பை யாரும் பதியவில்லை. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிய வேண்டும், ஊர் விஏஓ நினைத்தாலும் இங்கே பதிய முடியாது. 21 நாளில் சொல்லியிருந்தால் கட்டணமே இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டதால் நிர்வாக நடுவரின் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) ஆணை வரை போக வேண்டியதாயிற்று. அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டும் கணவரின் ஆதார் நகலும் சுடுகாட்டில் எடுத்த ஒரு போட்டோவும் வைத்திருந்தார். கையில் இருந்த ஆதாரம் அவ்வளவுதான். கன்னடம் தெரிந்த ஓசூர்ப் பக்கத்து ஊழியர் ஒருவர் கூடவே போய் மேஸ்திரியைக் கண்டுபிடித்து, அவரைச் சாட்சி சொல்ல வைத்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். இறப்புச் சான்று கைக்கு வந்த பிறகுதான் வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை, பிள்ளைகளின் நிதி ஆதரவு என ஒவ்வொன்றாக நகர்ந்தன. அந்த அம்மா இப்போது பெங்களூர் போவதில்லை. ஊரிலேயே கூலிக்குப் போகிறார், பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள்.

தொண்டு நிறுவனத்தின் வேலை என்று நான் நினைப்பது இதைத்தான். பணம் கொடுப்பதைவிட, அவர்களுக்குத் துணையாகப் போவது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கலெக்டர் ஆபீஸ் வருபவரை "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பினால், அவர் திரும்பி வர மாட்டார்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் அவசரம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில், அம்மா வெளியூரில் இருக்கும்போது "பொறுப்பைக் கழிச்சிடலாம்" என்று உறவுக்குள்ளேயே கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். பதினெட்டு வயதுக்கு முன் நடத்துவது குற்றம் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், அம்மா பக்கத்தில் இருப்பதே பெரிய காவல்.

நன்கொடை தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுவது நல்ல மனசுதான். ஆனால் அங்கே உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று நிர்வாகியிடம் கேளுங்கள். இருக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப என்ன தடை என்றும் கேளுங்கள். இல்லத்தின் பதிவுச் சான்றையும் பாருங்கள். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அடுத்த பிறந்தநாள் பணத்தை ஒரு தாயின் பஸ் செலவுக்கும் பிரமாணப் பத்திரச் செலவுக்கும் அவர் இழக்கும் கூலிக்கும் தாருங்கள். அந்த மாதிரிச் செலவுக்குத்தான் எங்களுக்கு யாரும் பணம் தருவதில்லை.