வெளியே அடிக்கும் பொறி உள்ளே ஏன் அடிப்பதில்லை?

பழைய கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஐடிலிங்கில் வண்டி சத்தமே இல்லாமல் ஓடுகிறது, மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மிஸ்ஸிங் அடிக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்த்தால் பொறி பளிச்சென்று வருகிறது. அப்புறம் எப்படி பிளக் கோளாறாக இருக்கும்?"

தாராளமாக இருக்கலாம். பிளக்கின் முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கிறதே, மெக்கானிக்குகள் கேப் என்று சொல்லும் அந்த இடைவெளி, அதில் முதலில் சந்தேகம் வையுங்கள். வெளியே வருகிற பொறியைப் பார்த்துவிட்டு பிளக்குக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது.

பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தருவது இக்னிஷன் காயில், அதன் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்ற சுவிட்ச் இருக்கிறது, அது மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுருளில் கரண்ட் ஓடுகிறது. திறந்ததும் கரண்ட் அறுந்து காந்தப்புலம் சரிகிறது, அந்தச் சுருளிலேயே 200, 300 வோல்ட் எழுகிறது. இரண்டாம் சுருளில் சுற்றுகள் ஏறக்குறைய நூறு மடங்கு, ஆகவே 20,000 வோல்ட்டைத் தாண்டக்கூடிய வலு அதற்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு பொறிக்கும் காயில் அத்தனை வோல்ட்டையும் கொட்டுவதில்லை. வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போகும், இடைவெளி எந்த இடத்தில் உடைகிறதோ அங்கேயே நின்றுவிடும். கேப் 4,000 கேட்டால் 4,000, கேப் 14,000 கேட்டால் 14,000. காயிலால் தர முடிந்ததைவிடக் கூடுதலாகக் கேட்டால் அந்த முறை பொறியே இல்லை, அதுதான் மிஸ்ஸிங்.

சரி, இடைவெளி 'உடைவது' என்றால் என்ன? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் அதில் எப்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு தனி எலக்ட்ரான் திரிந்துகொண்டிருக்கும். இரண்டு முனைகளுக்கு நடுவே மின்புலம் ஏறும்போது அது நேர்முனையை நோக்கி வேகமெடுக்கிறது, வழியில் நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறில் மோதுகிறது. மோதும்போது போதிய ஆற்றல் இருந்தால் அந்த மூலக்கூறிலிருந்து இன்னொரு எலக்ட்ரானைத் தட்டிவிடும். இப்போது இரண்டு, அடுத்த மோதலில் நான்கு, அப்புறம் எட்டு. ஒரு மைக்ரோ விநாடிக்குள் அந்தப் பாதை முழுக்க எலக்ட்ரான்களும் அயனிகளுமாக நிரம்பிக் கடத்தியாகிவிடுகிறது.

சிக்கல் அந்தப் 'போதிய ஆற்றல்' என்பதில் இருக்கிறது. ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 12 எலக்ட்ரான் வோல்ட் (ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்) வேண்டும், நைட்ரஜனுக்கு 15.6. சாதாரணக் காற்றில் ஓர் எலக்ட்ரான் சராசரியாக அரை மைக்ரோமீட்டர் போவதற்குள் எதிலாவது இடித்துக்கொள்கிறது, அந்தக் குட்டி ஓட்டத்தில் அதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு எலக்ட்ரான் வோல்ட்தான். ஆக, பொறி பிறப்பது சராசரி எலக்ட்ரானால் அல்ல, தற்செயலாக நீண்ட தூரம் எதிலும் இடிக்காமல் ஓடிவிட்ட சில அதிர்ஷ்டசாலிகளால். நீளம் தாண்டுகிறவருக்கு ஓடிவர இடம் வேண்டும், அதே கணக்குதான். இனி காற்றை அமுக்கிப் பாருங்கள்: மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன, ஓடிவரும் தூரம் சுருங்குகிறது, அதே ஆற்றலை எட்ட மின்புலம் இன்னும் பலமாக வேண்டியிருக்கிறது.

ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் கண்டது, இடைவெளியும் அழுத்தமும் தனித்தனியே முக்கியமில்லை, இரண்டையும் பெருக்கினால் வருகிற எண்தான் உடையும் வோல்ட்டேஜைத் தீர்மானிக்கிறது என்று. (ஹைட்ரஜன் நிறமாலையில் பாஷன் வரிசை என்று பள்ளியில் படித்தோமே, அதே பாஷன்.) காற்று, ஹைட்ரஜன், கரியமில வாயு ஆகியவற்றில் பொறி எப்படித் தாவுகிறது என்று அளந்துகொண்டிருந்தவருக்கு உங்கள் பிளக் மனதில் இருந்திருக்க வாய்ப்பில்லை. உயர் வோல்ட்டேஜ் மேக்னெட்டோவும் (பேட்டரி இல்லாமலே பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கும் ஜெர்மனியின் போஷ் பட்டறையில் ஹோனோல்ட் என்ற பொறியாளர் கையில் உருவானது 1902-இல்தான். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன், இந்த வருடத்துக்குள் சொல்" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

இப்போது கணக்கைப் போடுங்கள். மூலக்கூறுகளின் நெருக்கம்தான் விஷயம் என்பதால் அழுத்தத்துக்குப் பதில் அடர்த்தியைப் பார்ப்போம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் கதவான திராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது, பொறி அடிக்கும் தருணத்தில் சிலிண்டருக்குள் கலவை வெளிக்காற்றைப்போல ஐந்தாறு மடங்கு அடர்த்தி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 0.7 மில்லிமீட்டர் என்பது வெளியே சுமார் 4 மில்லிமீட்டருக்குச் சமம்! திறந்த காற்றில் அந்தப் பிளக் கேட்டது 3,000 வோல்ட்டுக்குச் சற்று மேல், உள்ளே கேட்பது 10,000-க்கும் மேல். ஐடிலிங்கில் திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம்தான், அடர்த்தி குறைவு, அதனால் அங்கே தேய்ந்து கேப் அகன்ற பிளக்கும் சமாளித்துவிடும். மேட்டில் மிதிக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறது. காயிலைச் சோதிக்க வேண்டுமானால் 6 மில்லிமீட்டர் தாவுகிறதா என்று ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், அதுதான் நியாயமான பரீட்சை.

அப்படியானால் கேப்பை 0.3 என்று சுருக்கிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். தீராது. பொறி பற்றவைப்பது முதலில் ஒரு குட்டித் தீ உருண்டை, அதைச் சுற்றி இரண்டு குளிர்ந்த உலோக முனைகள். இடம் நெருக்கமாக இருந்தால் உருண்டை வளர்வதற்குள் உலோகம் சூட்டை உறிஞ்சி அணைத்துவிடும். ஐடிலிங்கில் எரிந்த புகை மிச்சம் அதிகம், கலவை சோனி, அங்கேதான் குறுகிய கேப் முதலில் உதைக்கும். ஆக, ஐடிலிங்கில் ஆட்டம் என்றால் கேப் குறுகல், இழுவையில் மிஸ்ஸிங் என்றால் கேப் அகலம் என்று முதல் சந்தேகம் வைக்கலாம். பாயிண்ட் வைத்த பழைய கார்களில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8, எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தபின் 1.1, சிலவற்றில் அதற்கும் மேலே போனது. உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை.

அளப்பதில் ஒரு நுணுக்கம். ஓடிய பிளக்கில் பக்க எலக்ட்ரோடின் (நடு முனைக்கு மேலே வளைந்து நிற்கும் முனை) அடியில், பொறி அரித்த இடத்தில், சின்னக் குழி விழுந்திருக்கும். இடைவெளி அளக்கும் தகடான தட்டை ஃபீலர் கேஜ் அந்தக் குழியின் விளிம்புகளில் உட்கார்ந்துகொண்டு 0.7 என்று சொல்லும், உண்மையில் நடுவே 0.85 இருக்கும். கம்பி கேஜ் குழிக்குள் இறங்கும், பொய் சொல்லாது. லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. வளைப்பது பக்க எலக்ட்ரோடை மட்டும். நடு எலக்ட்ரோடில் முட்டுக்கொடுத்து நெம்பினால் பீங்கான் விரிசல் விடும், அது கண்ணுக்கும் தெரியாது. இரிடியம் முனை என்றால் கம்பியைக்கூட ஜாக்கிரதையாகவே நுழையுங்கள். இன்ஜின் ஆறிய பின், சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டுக் கழற்றுங்கள், புதுப் பிளக்கானாலும் அளந்துவிட்டே மாட்டுங்கள்.

நாலு முனை வைத்த பிளக்கில் நாலு பொறி வருவதில்லை, ஒரு நேரத்தில் ஒன்றுதான், எந்த முனைக்குத் தாவ எளிதோ அதற்கு. 

கேப் சரியாக வைத்தும் மேட்டில் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால் காயிலின் இரண்டு சின்ன வயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா பாருங்கள். எலக்ட்ரான்கள் சூடான நடு எலக்ட்ரோடிலிருந்து எளிதாகக் கிளம்பும். வயர் மாறினால் அவை பக்க எலக்ட்ரோடிலிருந்து கிளம்ப வேண்டும், அது அவ்வளவு சூடேறாது, அதே கேப்புக்குக் கணிசமாகக் கூடுதல் வோல்ட் கேட்கும்.