பிரேக்கைத் தளர்த்தினாலே எகிறும் நாடி

இதயத்துக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டால் அது நின்றுவிடும் என்றுதான் தோன்றும். நிற்காது, இன்னும் வேகமாக, நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். வலது மேலறையில் இருந்து துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவின் சொந்த வேகம் அதுதான், வயது ஏற ஏறக் கொஞ்சம் குறையும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 என்று காட்டுகிறதே, அது மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு ஓயாமல் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதால்.

சரி, எழுந்து நடக்கிறோம். உடம்பு முதலில் பிரேக்கைத்தான் தளர்த்துகிறது, அட்ரினலின் எல்லாம் அப்புறம். காலை அசைக்கச் சொல்லும் மூளை இதயத்துக்கும் சேர்த்தே சொல்லிவிடுவதால், நாலடி வைப்பதற்குள் நாடி ஏறிவிடும். அதே வேகத்தில் நடந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஓர் எண்ணில் நின்றும்விடும்.

ஓட ஆரம்பித்து நாடி 100ஐத் தாண்டும்போதுதான் இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகளின் ஆதிக்கம் தொடங்குகிறது. இவை வேலைக்கு வரச் சில வினாடிகள் ஆகும். மாற்று இதயம் பொருத்தியவர்களிடம் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: நரம்புத் தொடர்பு அறுந்துபோனதால் ஓய்விலேயே நாடி 90, 100 என்று இருக்கும், நடக்கத் தொடங்கினாலும் சட்டென்று ஏறாது, அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகே மெதுவாக ஏறும்.

ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தின் அளவும் கூடும், ஆனால் பயிற்சி இல்லாத பலருக்கு முழுத் திறனில் பாதியைத் தொடும்போதே அந்த ஏற்றம் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதற்கு மேல் தசை கேட்கும் கூடுதல் ரத்தத்துக்குத் துடிப்பின் எண்ணிக்கை மட்டுமே கதி, அதற்கும் ஓர் உச்சம் உண்டு. 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு வெறும் சராசரி. நம்முடைய நிஜ உச்சம் அதிலிருந்து 10, சிலருக்கு 20 கூடத் தள்ளி இருக்கலாம். எவ்வளவு கடுமையாக ஓடுகிறோம் என்று இந்த உச்சத்தை வைத்துக் கைக்கடிகாரம் காட்டும் வண்ண மண்டலங்களை நான் பெரிதாக நம்பாததற்கு இதுதான் காரணம். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, மூச்சு வாங்கி இரண்டு வார்த்தையோடு நிற்கிறதா என்று பார்ப்பதே மேல்.

இன்னொன்று, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடினாலும் எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். வியர்வையில் நீர் போய், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் ரத்தம் பிரிவதால், ஒரு துடிப்பில் போகும் அளவு குறைகிறது, அதை ஈடுகட்டத்தான் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது.

ஓட்டத்தை நிறுத்தியதும் வேகஸ்தான் முதலில் திரும்புகிறது. அதனால் முதல் நிமிடத்தில் நாடி மளமளவென்று இறங்கும், பயிற்சி உள்ளவர்களுக்கு இன்னும் வேகமாக. கடுமையாக ஓடியிருந்தால் மிச்சம் இறங்க நேரம் பிடிக்கும், ரத்தத்தில் அட்ரினலின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்குமே.