கை ரெண்டும் ஸ்டியரிங்லதான் சார் இருந்துச்சு

போன வாரம் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பையன் ஒருவன் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தான். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், இப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நெல் வியாபாரம் பார்க்கிறான். பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையோரம் போகிற ஒரு கிராமத்து ரோடு. பாதி ரோட்டுக்கு நெல்லைக் காயப் போட்டு, ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டி காலால் நெல்லைத் துழாவி விட்டுக்கொண்டு நிற்கிறார். பகல் பதினொரு மணி, வளைவே இல்லாத ரோடு. இவன் கல்லில் ஏறி, நெல்லில் சறுக்கி, அந்த அம்மாவை இடித்துவிட்டான். தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அறுபத்தைந்து வயதுக்கு மேல் தொடை எலும்பு உடைந்தவர் பழையபடி வயலில் இறங்கி நடவு நட முடியுமா?

என் எதிரில் உட்கார்ந்து அழுதான். "கை ரெண்டும் ஸ்டியரிங்லதான் சார் இருந்துச்சு. ப்ளூடூத்துலதான் பேசிக்கிட்டு வந்தேன். ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன் சார், அந்தம்மா நின்னதுதான் தெரியல."

அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இதே வார்த்தையை இதற்கு முன்னால் நாலைந்து பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் வாய்க்காலில் இறக்கினார், ஒருவர் வைக்கோல் ஏற்றிப்போன டிராக்டரின் டிரெய்லரில் பின்னால் போய்ச் சொருகினார். எல்லோருமே ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்களாம். இந்தப் பேச்சை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன பேசினாய் என்று கேட்டேன். ஒரு லோடுக்கு 40 கிலோ மூட்டை எத்தனை ஏற்றலாம், வாடகை போக மூட்டைக்கு என்ன நிற்கும் என்று மறுமுனையில் கேட்டிருக்கிறார்கள், இவன் மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கண் ரோட்டில் இருந்தது, அவன் இருந்தது லோடில்.

ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பதினைந்து வகுப்பு முடித்து, கை நன்றாகப் படிந்தவர்களை ஆள் நடமாட்டமில்லாத நேர்ரோட்டில் நாற்பதில் ஓட்டச் சொல்லுவேன். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் பிரேக், கிளட்ச் உண்டு, அந்தத் தைரியத்தில்தான் இதைச் செய்கிறேன், வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். சாதாரணமாகக் கேட்பேன்: "உங்க வீட்ல மொத்தம் எத்தனை ஜன்னல்?" போன மாதம் ஒரு டீச்சரிடம் கேட்டேன். அதுவரை நொடிக்கொரு தடவை கண்ணாடி பார்த்து வந்தவர். "ஹால்ல ரெண்டு... அடுப்படியில ஒண்ணு... மாடியில..." என்று எண்ண ஆரம்பித்தார். கண்ணாடி பார்ப்பது நின்றது. கழுத்து அசையவில்லை. ஆக்சிலரேட்டரில் கால் வைத்தது வைத்தபடி. மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த வேகத்தடை எதிரே வருகிறது, கால் பிரேக்குக்குப் போகவே இல்லை, நான் மிதித்தேன். "வேகத்தடையப் பாத்தீங்களாம்மா?" என்றதற்கு அவர் திருப்பிக் கேட்டது, "எங்க சார்?" உண்மையாகவே கேட்டார். அந்த நேரத்தில் அவர் வீட்டு மாடியில் இருந்தார்.

கையில் போன் இல்லை, காதில் ஒன்றும் இல்லை, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்தில்லை என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். கை வேலை செய்வதால் வண்டி நேராகப் போகும், அதனால் நன்றாக ஓட்டுகிறோம் என்றே தோன்றும். எதிர்பாராதது ஒன்று குறுக்கே வரும்போதுதான் தெரியும், மூளை அங்கே இல்லை என்பது.

நான் ஏதோ என் அனுபவத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. 1997லேயே கனடாவின் டொரொண்டோவில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லை எடுத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போன் பேசும்போது மோதுகிற வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு இதில் ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. 2005இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த ஓட்டுநர்களை வைத்துப் பார்த்தபோதும் அதே நான்கு மடங்குதான். ஆக இது புதுச் செய்தியே இல்லை. நம் ஊரில் டச் ஸ்கிரீன் வைத்த கார் வாங்கியதும் பேசலாம் என்று அனுமதி வாங்கிவிட்ட மாதிரி நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே எல்லோரும் கேட்பது: "அப்ப பக்கத்துல உக்காந்திருக்கவங்களோட பேசுறது மட்டும் பரவாயில்லையா சார்?" இந்தக் கேள்விக்கு இருபது வருடமாகப் பதில் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்கும் கண் இருக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட் கிட்டே வண்டிகள் முண்டும்போது அவரே பேச்சை நிறுத்திவிடுவார். ஆறு மாடு குறுக்கே வந்தால் "ஏங்க, மாடு மாடு" என்பார். கும்பகோணத்தில் பஸ் ஒதுங்கும்போது நீங்கள் பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். போனில் இருப்பவருக்கு உங்கள் ரோடு தெரியாது. நீங்கள் இரண்டு நொடி பேசாமல் இருந்தால் "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியா?" என்பார், நீங்களும் டிராக்டரை விட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்வீர்கள். அமெரிக்காவின் யூட்டாவில் இதையும் சோதித்திருக்கிறார்கள். ரோட்டைத் திரையில் காட்டும் பயிற்சி எந்திரத்தில் ஓட்ட வைத்து, நெடுஞ்சாலையோர ஓய்விடத்தில் திரும்பி நிறுத்தச் சொன்னார்கள். நண்பரைப் பக்கத்தில் வைத்துப் பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள், போனில் பேசியவர்களில் பாதிப் பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

இன்னொரு வாதம், சட்டத்தில் கையில் பிடிப்பதைத்தானே தப்பு என்கிறார்கள் என்பது. சரி. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, கையில் பிடிக்கும் கருவியைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2020 விதித் திருத்தத்தில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி என்று சொல்லியிருக்கிறார்கள். போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிவது கை. உங்கள் மண்டைக்குள் ஓடும் கணக்கை அவர் எப்படிப் பார்ப்பார்? அபராதம் வராது என்பதால் அந்தப் பாட்டி ரோட்டில் இல்லாமல் போய்விட மாட்டார்.

நம் ரோடுகளை யோசித்துப் பாருங்கள். தை, மாசியில் அறுவடை எந்திரம் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். பின்விளக்கு இல்லாத டிரெய்லர், கொள்முதல் நிலையத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் லாரி, புல்லுக்கட்டோடு டிவிஎஸ் 50, ரோட்டைக் கடக்கும் வாத்துக் கூட்டம். ஒரு பக்கம் வாய்க்கால், மதகில் கைப்பிடிச் சுவர் பாதி இருக்காது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையிலும் எதிர்த்திசையில் பைக் வருகிறது. அறுபதில் போனால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். இரண்டு நொடி தாமதமாகப் பிரேக் மிதித்தால் 33 மீட்டர் தாண்டியிருப்பீர்கள்.

அதனால் வண்டியை எடுக்கும் முன்பே போனில் டிரைவிங் மோடைப் போடுங்கள், சில போன்களில் நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதாக அதுவே மெசேஜும் அனுப்பிவிடும். தானாக அழைப்பை எடுக்கிற ஆட்டோ ஆன்சர் இருந்தால் இன்றைக்கே அணைத்துவிடுங்கள், எனக்குப் பிடிக்காத வசதியே அதுதான். ப்ளூடூத் விட்டுப்போனால் ஓட்டிக்கொண்டே திரும்ப இணைக்காதீர்கள். போன் ஸ்டாண்டைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டி ரோட்டை மறைக்காதீர்கள், எத்தனை தடவை சொல்வது! அவசர அழைப்பு என்றால் இண்டிகேட்டர் போட்டு, பெட்ரோல் பங்க்கோ டீக்கடையோ பார்த்து முழுசாக ரோட்டை விட்டு இறங்கி நிறுத்துங்கள். வெள்ளைக் கோட்டு ஓரத்தில் நிறுத்திப் பேசுவது இன்னொரு விபத்து.

"அப்ப அந்த ப்ளூடூத் செட்டக் கழட்டிடவா சார்?" என்று கேட்டான் அந்தப் பையன். கழற்ற வேண்டாம், நின்ற வண்டியில் பேசு என்றேன்.

கடைசியாகக் கூப்பிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள், முக்கியமாக முதலாளிமார்களிடம். ஆக்டிங் டிரைவரும், டெம்போ ஓட்டுகிற தம்பியும் உங்கள் போனை எடுக்காமல் இருக்கப் பயப்படுகிறார்கள். என்னிடம் வந்து சொல்கிறார்கள், "எடுக்கலன்னா திட்டுவாங்க சார்." வீட்டிலும் அப்படித்தான், அப்பா எங்கே வருகிறார் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறோம். எடுத்ததும் முதலில் "ஓட்டிக்கிட்டு இருக்கியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் "நிப்பாட்டிட்டுக் கூப்பிடு" என்று சொல்லி, தயவுசெய்து நீங்களே முதலில் போனை வைத்துவிடுங்கள். அவர்களால் உங்கள் போனைத் துண்டிக்க முடியாது.