கிடப்பு வழு: ஒரு சொல் விளக்கம்

நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் திட்டங்களில், நெடுநாள் மறுமொழி வராத வழு (bug, மென்பொருள் பிழை) அறிக்கைகளுக்கு ‘ஸ்டேல்’ (stale) என்று ஒரு குறி இடப்படுகிறது. ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துக் கணினி வகுப்புகளில் அதனைக் ‘காலாவதியானது’ என்றே கற்பிக்கிறார்கள். வழு என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. வழாநிலை, வழுவமைதி என்று இலக்கணம் படித்தவர்களுக்கு அது பழகிய சொல். குறை அதற்குத் தரப்படும் அடைமொழியில்தான்.

ஸ்டேல் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. வண்டல் அடங்கித் தெளிந்த மதுவைப் பாராட்டவே முதலில் வழங்கிய அது, பின்னரே புதுமை கெட்ட பண்டத்தைக் குறிக்கலாயிற்று.

காலாவதியோ காலமும் அவதியும் சேர்ந்த வடசொல். அவதி என்றால் எல்லை. மருந்துப் போத்தலுக்கும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் அந்த எல்லையை முன்கூட்டியே ஒருவர் குறித்து வைக்கிறார், அந்நாள் கடந்தால் பொருளின் தகுதி போய்விடுகிறது. வழுவுக்கு அப்படியொரு நாள் ஏது? லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று தோட்டத்து அலுவலகத்தில் கொடுத்த மனுவை எவரும் புரட்டிப் பார்க்காமல் ஆறு மாதம் போனால், ஒழுக்கு காலாவதியாகிவிட்டது என்று சொல்வோமா? நிரல்களையும் வழு அறிக்கைகளையும் வைத்திருக்கும் கிட்ஹப் (GitHub) தளத்தில் பரவலாகப் பயன்படும் தன்னியக்கக் கருவி, அமைப்பை மாற்றாவிட்டால், 60 நாள் அசைவில்லாத அறிக்கைக்குக் குறியிட்டு மேலும் 7 நாளில் மூடிவிடும். குபர்னெட்டீஸ் (Kubernetes) என்னும் திறந்த மூலத் திட்டத்தில் 90 நாளில் ஸ்டேல், அடுத்த 30 நாளில் ‘அழுகியது’, அதற்கடுத்த 30 நாளில் மூடல். இரண்டிலும் கருவி நாட்களை எண்ணுகிறதே தவிர, வழு தீர்ந்ததா என்று சோதிப்பதில்லை. தமிழ் எழுத்துரு உடைவதை முறையிட்டுவிட்டு, டேட்டா போட்ட நாளில் மட்டும் இணையத்துக்கு வரும் ஒரு மாணவிக்கு அந்த 7 நாள் போதாமல் போகலாம். உடைந்த எழுத்து உடைந்தபடியே இருக்கும்.

உபுண்டு இயங்குதளத்தின் வழு அறிக்கைகளைப் பெறும் லாஞ்ச்பேட் (Launchpad) தளத்தில் மட்டும், போதிய விவரமில்லை எனக் குறிக்கப்பட்டு 60 நாள் பதில் வராத அறிக்கையின் நிலைப்பெயரே ‘எக்ஸ்பயர்ட்’ (expired) என்பதால், அங்கே காலாவதி பொருந்தும். இரு வேறு சொற்களையும் ஒன்றாக்கிவிட்டு அதைத் தமிழின் வறுமை என்று முணுமுணுப்பதுதான் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குப் பிடிக்காத வழக்கம்.

‘பழைய’ என்பதும் பிழை. ஐந்தாண்டு பழைய அறிக்கையில் நேற்றும் விவாதம் நடந்திருக்கலாம். ‘செயலற்ற’ என்பது மென்பொருளே இயங்கவில்லையோ என்று மயங்க வைக்கும். ‘ஊசிய’ என்பது மூலத்துக்கு நெருக்கமானாலும் சோற்றுப் பானையை விட்டு நகராது.

நம்மிடம் ‘கிடப்பு’ இருக்கிறது. கிடப்பில் போட்டார்கள் என்றால், விடயம் தீரவில்லை, பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை என்ற இரண்டும் கேட்பவருக்கு விளங்கும். ஊதியமின்றி உழைக்கும் பராமரிப்பாளர்களை இச்சொல் குத்துகிறது என்பர் சிலர். சற்றே குத்தட்டும், உண்மை அதுதானே. குறியைக் கிடப்புக்குறி எனலாம், அதனை அகற்றும் கட்டளையைக் கிடப்பு நீக்கு எனலாம், தன்னியக்க மூடலிலிருந்து விலக்குப் பெற்றதை உறைநிலை எனலாம். மூடப்பட்டதைத் ‘தீர்க்கப்பட்டது’ என்று மட்டும் எழுதக்கூடாது. கிட்ஹப்பே 2022 முதல் நிறைவுற்று மூடியதையும் செய்யும் எண்ணமில்லாமல் மூடியதையும் பிரித்துக் காட்டுகிறது.